வன்னியில் கடைத்தொகுதி கட்டுபவர்களுக்கு: காணி பார்ப்பது முதல் இணக்கச் சான்றிதழ் வரை

ஏ9 வீதியோரம் ஒரு துண்டுக் காணி அமைந்துவிட்டால் பலரும் முதலில் போய் நிற்பது படவரைஞரிடம். மாடி எத்தனை, கடை எத்தனை, முகப்புக்குக் கண்ணாடியா என்று பேசி, படமும் கீறி, கொந்தராத்துக்காரருக்கு முற்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பிரதேச சபையில் கோவை (விண்ணப்பக் கோப்பு) அசையாமல் கிடக்கும். விசாரித்தால் படத்தில் பிழை ஒன்றும் இராது. காணி நெற்காணிப் பதிவேட்டில் இருக்கும். அல்லது பேமிற் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) குடியிருப்புக்கென்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால், மேலே உள்ள குளம் வான் பாயும்போது, அதாவது நிறைந்து வழியும்போது, தண்ணீர் இறங்கும் வழி அந்த வளவுக்குள்ளால் போகும்.

வன்னியில் வர்த்தகக் கட்டட விண்ணப்பங்கள் தடக்குப்படுவது பெரும்பாலும் காணி உரித்திலும் தண்ணீர் வழியிலும்தான். அந்த இரண்டையும் தீர்த்துக்கொண்டு படவரைஞரிடம் போனால் மிச்ச வேலை ஓடும். காசும் மிஞ்சும். ஆகவே இந்த வழிகாட்டியில் அவற்றுக்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்தச் சபை, எந்தச் சட்டம்

வவுனியா நகரம் மாநகர சபைக்குள், மன்னார் நகரம் நகர சபைக்குள் வரும். மற்ற இடங்களெல்லாம் பிரதேச சபைகள். கிளிநொச்சி நகரம் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அது கரைச்சிப் பிரதேச சபைக்கு உட்பட்டது. முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்கு உட்பட்டது. வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்கள் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றென நினைத்து அலைவதுண்டு. அரச காணி பற்றிய எதற்கும் பிரதேச செயலகம், கட்டடம் பற்றியதற்குப் பிரதேச சபை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் எல்லைகளும் எல்லா இடத்திலும் பொருந்தாது. ஒட்டுசுட்டானில் பிரதேச செயலகம் உண்டு, அந்தப் பெயரில் பிரதேச சபை இல்லை. காணி எந்தச் சபையின் எந்த உப அலுவலகத்துக்குள் வருகிறது என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சபை கட்டட அனுமதி வழங்குவது 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ். காணி இருக்கும் இடம் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டிருந்தால் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் சேரும். அதன் கீழ் 2021 ஜூலையில் வெளியான திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள்தான் இப்போது அளவுகளைத் தீர்மானிக்கின்றன. பழைய படவரைஞர்கள் சிலர் இன்னும் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை வைத்துக் கீறுவார்கள். எதைப் பின்பற்றிக் கீறப்போகிறார் என்று முதல் நாளே கேளுங்கள். பிரகடனம் செய்யப்பட்ட பிரதேசம் என்றால், முழுப் படம் கீறுமுன் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அளவைப்படம், உத்தேசப் பயன்பாடு, உத்தேசப் பரப்பளவு ஆகியவற்றைக் கொடுத்து, இந்த இடத்தில் இப்படி ஒன்று கட்டலாமா என்று எழுத்தில் பதில் வாங்கும் வழி அது. பெரிய கட்டடம் என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

காணி

வன்னியில் காணிகள் பல வகை. உறுதிக் காணி என்றால் உறுதி, அளவைப்படம், காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதிகள் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். போர்க்காலத்தில் மூலப் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள் பல. பிரதி உறுதியை வைத்துக்கொண்டு விற்பவரிடம் வாங்குமுன், நொத்தாரிசு மூலம் பதிவகத்தில் தேடல் செய்வியுங்கள். எல்லைக் கற்கள் இருக்கும் இடத்தை உரிமம் பெற்ற நில அளவையாளர் புதிதாக அளந்து கீறிய படத்தையே சபை ஏற்கும். இருபது வருடப் பழைய படத்தில் வீதி அகலம் வேறாக இருக்கும்.

பேமிற் காணி, அதாவது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணி, குடியிருக்கவும் பயிர்செய்யவும் என்று கொடுக்கப்பட்டது. அதில் வர்த்தகக் கட்டடம் கட்ட, பேமிற்றில் எழுதியுள்ள நிபந்தனைகளை முதலில் வாசிக்க வேண்டும். பிறகு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பேரேட்டைப் பார்க்க வேண்டும். பேரேட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள பேமிற்றின் பெயரும் வேறாக இருந்தால், பின்னுரித்தாளர் (அடுத்து உரித்துப் பெறுபவர்) பெயர் மாற்றம் முடியும்வரை வேறொன்றும் நகராது. அரச காணியில் வர்த்தகத்துக்கான முறையான வழி, 1947 ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீண்டகாலக் குத்தகை. பொதுவாக 30 வருடம். அது பிரதேச செயலாளரிடம் தொடங்கிக் காணி ஆணையாளர் ஊடாக மேலே போகும் நீண்ட பாதை. ‘பக்கத்துக் கடையும் பேமிற் காணிதானே, அவர் கட்டவில்லையா?’ என்ற கேள்விக்குச் சபையில் பதில் கிடைக்காது. அவருக்கு அனுமதி இருந்ததா என்பது உங்கள் கோவையில் வராது. பேமிற் காணியை வெறும் கைச்சாத்துக் கடிதத்தில் வாங்கி அதன்மேல் காசு போடாதீர்கள். அந்தக் கடிதத்தை வைத்து அனுமதி எடுக்க முடியாது, வங்கிக் கடனும் கிடைக்காது.

வயலா மேட்டுக்காணியா என்பது அடுத்தது. இப்போது பற்றை மண்டிக் கிடந்தாலும் நெற்காணிப் பதிவேட்டில் இருந்தால் அது வயல்தான். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக்கூடாது. இரவோடு இரவாக டிப்பரில் கிறவல் கொட்டி நிரப்பிவிட்டு அனுமதி கேட்பவர்கள், அனுமதி கிடைக்காததோடு வழக்கும் வாங்குகிறார்கள். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் பதிவேட்டைப் பார்ப்பது ஒரு நாள் வேலை.

குளத்துக்குரிய ஒதுக்கு நிலமும் இப்படித்தான். 80 ஹெக்டேருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநலத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. அணைக்கட்டின் அடி, வான் பாயும் பக்கம், வாய்க்காலின் இரு கரை எல்லாவற்றுக்கும் ஒதுக்கு உண்டு. காணி குளத்துக்கோ வாய்க்காலுக்கோ கிட்ட இருந்தால் அந்தத் திணைக்களத்திடம் எல்லையைக் காட்டச் சொல்லி, ஆட்சேபனை இல்லை என்ற கடிதத்தையும் வாங்குங்கள்.

இடத்தைப் பொறுத்து வேறு சில கடிதங்களும் தேவைப்படும். காட்டோரம் என்றால் வனவளத் திணைக்களம். ஏ9 க்கும் புகையிரதப் பாதைக்கும் இடையில் என்றால் புகையிரதத் திணைக்களத்தின் எல்லை. காணி 0.25 ஹெக்டேரை, ஏறத்தாழ 99 பேர்ச்சை, மீறினால் தொல்பொருள் திணைக்களத்தின் மதிப்பீடு கேட்கப்படும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

மாரியில் காணியைப் பாருங்கள்

காணி வாங்க வருபவர்கள் அநேகமாக ஆடி, ஆவணி விடுமுறையில் வருவார்கள். அப்போது வன்னி முழுவதும் காய்ந்து கிடக்கும், எந்தக் காணியும் மேட்டுக்காணியாகத் தெரியும். எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடும். குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்தவை. மேல்குளம் வான் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தே ஆகும். இடையில் நீங்கள் மதில் கட்டினால் மதில் விழும், அல்லது பக்கத்து வீட்டுக்குள் வெள்ளம் போகும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் எவ்வளவு தூரம் மூழ்கின என்பதை அங்கிருப்பவர்கள் கையால் சுட்டிக் காட்டுவார்கள். அக்கம்பக்கத்து மூத்தவர்களிடம் கேளுங்கள்: “அம்மா, அந்த வெள்ளத்தில தண்ணி இந்த மதில்ல எதுமட்டும் வந்தது?” அவர் காட்டும் இடத்தில் ஒரு கோடு கீறி, வீதியின் நடுமட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரம் என்று அளந்து வையுங்கள். உங்கள் தரை மட்டம் அதற்கு மேலே இருக்க வேண்டும்.

கோடையிலும் நிலம் சில அடையாளம் சொல்லும். வரிசையாக மருத மரம் நின்றால் அது நீரோடும் வழி. கோரைப்புல் திட்டுத்திட்டாக இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். மேலே செம்மண் தெரிந்தாலும் நாலு, ஐந்து அடி குழி தோண்டிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறக் களி வந்தால் மாரியில் நிலத்தடி நீர் அந்த மட்டத்துக்கு ஏறும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மழைநீரைக் கணக்குப் பார்ப்பது கடினமில்லை. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். 40 பேர்ச் காணியில் கூரையும் கொங்கிறீற்றுமாக 80 வீதத்தை மூடினால் ஏறத்தாழ 810 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை மாரியில் அபூர்வமில்லை. அந்த ஒரு நாளில் உங்கள் வளவிலிருந்து வெளியேற வேண்டிய நீர் 81,000 லீற்றர், அதாவது 5,000 லீற்றர் பவுசர் பதினாறு. முன்பு இதில் ஒரு பகுதி மண்ணுக்குள் போனது. இனி முழுவதும் வாய்க்காலைத் தேடும். ‘மழைநீர் வீதி வாய்க்காலுக்கு’ என்று படத்தில் ஓர் அம்புக்குறி போட்டால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேட்கும் முதல் கேள்வி, அந்த வாய்க்காலின் அடிமட்டம் உங்கள் வளவின் மட்டத்தைவிடக் கீழேயா என்பதுதான். பல இடங்களில் வீதியை உயர்த்திப் போட்டதால் வாய்க்கால் வளவைவிட மேலே நிற்கிறது. அப்படியானால் பின்பக்கமாக நீர் இறங்கும் இயற்கை வழியைக் கண்டுபிடித்து, அது அடுத்தவர் காணி என்றால் அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு வாய்க்கால் கட்ட வேண்டும்.

மழைநீர்ச் சேகரிப்புத் தாங்கி வைப்பது நகர அபிவிருத்திப் பிரதேசங்களில் 2007 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பல வகைக் கட்டடங்களுக்குக் கட்டாயம். நல்லது, கோடையில் பயன்படும். ஆனால் 10,000 லீற்றர் தாங்கி 400 சதுர மீற்றர்க் கூரையில் 25 மில்லிமீற்றர் மழையோடு நிறைந்துவிடும். நிறைந்த பிறகு வழியும் நீருக்கும் வாய்க்கால் காட்டுங்கள்.

தள வரைபடம்

அறைகளின் படத்தை மட்டும் அழகாகக் கீறித் தளத்தை ஒரு பெட்டியாகக் காட்டுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. சபை வர்த்தகக் கட்டடத்தில் அதிகம் பார்ப்பது தளத்தைத்தான். எல்லைகளும் அவற்றின் நீளமும், வீதியின் அகலமும் அதன் நடுக்கோடும், கட்டடக் கோடு (வீதிப் பக்கம் கட்டடம் தாண்டக்கூடாத எல்லை), நான்கு மூலைகளின் மட்டங்கள், வாய்க்காலின் அடிமட்டம், மின்கம்பங்களும் கம்பி போகும் வழியும், இருக்கும் மரங்கள், கிணறு, மலக்குழி, வாகனத் தரிப்பிடம், குப்பை வைக்கும் இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பக்கத்து வளவுகளின் கிணறுகளையும் காட்டுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தவுடன், “பக்கத்து வளவுக் கிணறு எங்க தம்பி?” என்று கேட்டு டேப்பின் ஒரு முனையை உங்கள் கையில் தருவார். படத்தில் இல்லாத கிணறு ஒன்று 40 அடியில் தெரிந்தால் அன்றைய பார்வையிடல் அதோடு முடிந்துவிடும்.

கட்டடக் கோடு வீதிக்கு வீதி வேறு. ஏ, பி தர வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி தர வீதிகளுக்கு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், உள்வீதிகளுக்குச் சபை. மாங்குளம் சந்தியில் மூலைக்காணி என்றால் ஏ9, ஏ34 இரண்டுக்கும் கோடு வாங்க வேண்டும். மூலையும் சாய்த்து வெட்டப்படும். கோட்டை எழுத்தில் வாங்குங்கள். முன்னால் உள்ள பழைய கடைகளின் வரிசையைப் பார்த்துக் கீறாதீர்கள், அவை பின்னொரு நாள் இடிபட இருப்பவையாகவும் இருக்கலாம்.

வர்த்தகக் கட்டடம் பொதுவாகக் காணியின் 80 வீதம் வரை மூடலாம் என்றாலும், கட்டடக் கோடு, பின்வெளி, தரிப்பிடம், மலக்குழி எல்லாம் போக வன்னியில் 20 பேர்ச் காணியில் அந்த 80 வீதம் கிடைப்பது அரிது. பின்னால் 10 அடி விட்டுக் கீறினால் ஒன்றிரண்டு மாடிக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது.

தரிப்பிடம் ஒரு காருக்கு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். செங்குத்தாக நிறுத்தினால் பின்னால் 6 மீற்றர் வழி வேண்டும். எங்கள் ஊர்களில் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், உர மூட்டை ஏற்ற லாண்ட்மாஸ்ரரும் வரும். விதி கேட்கும் கார் இடங்களோடு மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று 1 மீற்றருக்கு 2 மீற்றர் வீதம் தனி வரிசை கொடுங்கள். இல்லாவிட்டால் அவை ஏ9 ஓரத்தில் நிற்கும், லொறி திரும்பும்போது விபத்து நடக்கும். வாகனங்கள் பின்னோக்கி நெடுஞ்சாலைக்கு இறங்கும்படி அமைந்த தரிப்பிடத்தை ஏற்கமாட்டார்கள். வளவுக்குள்ளேயே திருப்பி முகம் வெளியே வரச் செய்ய வேண்டும்.

வாசலில் வாய்க்காலின்மேல் போடும் மதகுக்கும் வீதிக்குரிய நிறுவனத்தின் அனுமதி தேவை. ஓரடிக் குழாயைப் போட்டு மண் மூடினால் இரண்டு மாரியில் அது அடைபடும். தண்ணீர் வீதிக்கு ஏறும், மேல் பக்கத்துக் கடைகள் மூழ்கும். வாய்க்காலின் முழு அகலத்துக்கும் கொங்கிறீற்றுத் தட்டு போட்டு, நடுவில் கழற்றக்கூடிய மூடி ஒன்று விடுங்கள்.

சாய்தளம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பொதுமக்கள் வரும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் நுழைய வசதியைக் கட்டாயமாக்கியுள்ளன. போரில் கால் இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் வாழும் மண் இது. அவர்கள் கடைக்கு வெளியே நின்று கூப்பிட்டுச் சாமான் வாங்கும் நிலைமையை ஒரு புதிய கட்டடம் உண்டாக்கக்கூடாது. சரிவு 1 க்கு 12. வெள்ளத்துக்குப் பயந்து தரையை 2 அடி உயர்த்தினால் சாய்தளம் 24 அடி நீளம் வரும். அதை முதல் படத்திலேயே வைக்காவிட்டால் பிறகு இடம் இராது. கடைசியில் செங்குத்தாக 6 அடியில் ஒன்றைக் கட்டி முடிப்பார்கள். அதில் எவராலும் ஏற முடியாது, இணக்கச் சான்றிதழும் (அனுமதித்த படத்தின்படி கட்டியதாகச் சபை தரும் சான்று) கிடைக்காது.

கழிவுநீர், குடிநீர், மின்சாரம், தீ

உறிஞ்சு குழிக்கும் எந்தக் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி விடுவது வழக்கம். 60 அடி கிடைத்தால் அதையே வையுங்கள். செப்ரிக் தாங்கியின் அளவைக் கண் மதிப்பில் போடாதீர்கள். பத்துக் கடை, கடைக்கு மூன்று பேர் என்றால் 30 பேர். ஆளுக்கு 50 லீற்றர் வீதம் நாளொன்றுக்கு 1,500 லீற்றர். ஒரு நாள் நீர் தங்கவும் அதேயளவு அடிச்சேறு சேரவும் 3,000 லீற்றர்த் தாங்கி. சாப்பாட்டுக் கடை வரப்போகிறது என்றால் இந்தக் கணக்குப் போதாது. சமையல் கழிவுநீருக்குத் தனியாகக் கொழுப்புத் தொட்டியும் வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் உறிஞ்சு குழியின் மண்ணை அடைத்துவிடும்.

மண் உறிஞ்சுமா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். குழி வரப்போகும் இடத்தில் ஓரடி சதுரக் கிடங்கு வெட்டி, இரவு முழுக்க நீர் நிரப்பி ஊறவிட்டு, காலையில் மீண்டும் நிரப்பி அரை மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் அங்கே சாதாரண உறிஞ்சு குழி வேலை செய்யாது. மண் மேடு போட்டு உயர்த்திய உறிஞ்சு படுக்கை, அல்லது மூடிய தாங்கியும் மலக்கழிவு பவுசரும்தான் வழி. பவுசர் தாங்கிக்குக் கிட்ட வந்து நிற்கப் பாதை வையுங்கள். மாரியில் மலசலகூடம் பொங்குகிறது என்று வரும் முறைப்பாடுகள் அநேகமாகக் களிமண்ணில் கட்டிய குழிகளாலும், தரைமட்டத்துக்குக் கீழே வைத்த மூடிகளாலும் வருபவை.

குழாய்நீர் உள்ள இடமென்றால் நீர் வழங்கல் சபையின் கடிதம் போதும். இல்லாத இடத்தில் வவுனியாப் பக்கம் கடும்பாறை, குழாய்க்கிணறு அடித்தும் நீர் வராமல் போகலாம். கரையோரத்தில் உவர். கட்டட விண்ணப்பத்துக்கு முன்னரே கிணற்றைத் தோண்டி நீர் மாதிரியைப் பரிசோதியுங்கள்.

மின்சாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் 42 கே.வி.ஏ. அதற்குக் குறைந்த தேவைக்குச் சாதாரண இணைப்பு. மீறினால் மொத்த வழங்கல், அநேகமாகப் புதிய மின்மாற்றியும் வேண்டிவரும். பன்னிரண்டு கடைக்கு 3 கிலோவாற் வீதம் 36 வந்துவிட்டது. ஒரு குளிரறை சேர்ந்தாலே எல்லையைத் தாண்டும். மின்மாற்றிக்கு இடமும் மாதக்கணக்கில் காத்திருப்பும் தேவை என்பதால் பிரதேச மின் பொறியியலாளரிடம் மதிப்பீட்டை ஆரம்பத்திலேயே கேளுங்கள். காணிக்கு மேலால் உயர்அழுத்தக் கம்பி போனால் இரண்டாம் மாடியைப் பற்றி யோசிக்குமுன் கம்பிக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய இடைவெளி பற்றி அந்தப் பொறியியலாளரிடம் கடிதம் வாங்குங்கள்.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தையில் கடைகள் எரிந்ததை ஊர் மறக்கவில்லை. தீயணைப்பு வண்டி நுழைய 4 மீற்றர் அகல வாசல், மேலே தாழ்ந்த கம்பிகள் இல்லாத வழி, கடைகளுக்கு இடையில் கூரைவரை எழுப்பிய சுவர், பின்பக்கம் வெளியேற ஒரு கதவு ஆகியவற்றைப் படத்திலேயே காட்டுங்கள். இடைச்சுவரைச் சீலிங் மட்டத்தோடு நிறுத்தினால் தீ மேலால் தாவிவிடும்.

கோவை கொடுத்தல், பார்வையிடல், திட்டமிடல் குழு

சபையில் விண்ணப்பப் படிவம் வாங்கி நிரப்புங்கள். அதோடு உரித்துப் பத்திரங்கள், அளவைப்படம், படவரைஞரும் தேவையான இடத்தில் பட்டயக் கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் ஒப்பமிட்ட படங்கள், மேலே சொன்ன கடிதங்கள், சோலைவரிப் பற்றுச்சீட்டு. படங்கள் பொதுவாக மூன்று பிரதி. பரிசீலனைக் கட்டணம் தரைப்பரப்பைப் பொறுத்தது. கட்டணத்தைக் கருமபீடத்தில் கட்டிப் பற்றுச்சீட்டும் கோவை இலக்கமும் பெறுங்கள். கோவையை வேகமாக நகர்த்தித் தருகிறேன் என்று வெளியில் நிற்கும் எவரிடமும் காசு கொடுக்காதீர்கள். குறைபாடுள்ள கோவை அவராலும் நகராது.

தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு எல்லைக் கற்களைச் சுற்றிப் பற்றையை வெட்டி, கட்டடத்தின் மூலைகளில் முளை அடித்துக் கயிறு கட்டி வையுங்கள். படத்தைக் கீறியவரும் அங்கே நிற்பது நல்லது. பிறகு கோவை திட்டமிடல் குழுவுக்குப் போகும். அது பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும். ஒரு கடிதம் குறைந்தால் ஒரு மாதம் போகும். குழு திருத்தம் கேட்டால், கேட்ட ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, திருத்திய படத்தில் அந்த இடத்தை மேகம் போன்ற வளைகோட்டால் சுற்றிக் காட்டி ஒரே தடவையில் பதில் கொடுங்கள். பாதியைத் திருத்தி அனுப்பினால் மீண்டும் அடுத்த மாதம்.

சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவைப்படும் தொழில்கள் தனி. அரிசி ஆலை, எரிபொருள் நிலையம், வாகனம் கழுவும் இடம், மரஆலை போன்றவற்றை ‘கடை’ என்று விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் மாற்ற நினைப்பவர்கள் இரண்டு இடத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள். உண்மையான பயன்பாட்டை முதல் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

கட்டும்போது

அனுமதிப்பத்திரத்தின் காலம் பொதுவாக ஒரு வருடம், முடியுமுன் நீடிக்க வேண்டும். மாசி, பங்குனியில் அத்திவாரம் தொடங்கினால் புரட்டாதிக்குள் கூரை போடலாம். ஐப்பசியில் வெட்டிய அத்திவாரக் கிடங்கு மழைநீரில் நிறைந்து கரை இடிந்துவிடும்.

கிடங்கு வெட்டும்போது உலோகப் பொருளோ பிளாஸ்ரிக் பெட்டி போன்றதோ தென்பட்டால் மண்வெட்டியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வந்த வழியாலேயே எல்லோரும் விலகுங்கள். தொடவோ, கிளறவோ, நெருப்பு வைக்கவோ வேண்டாம். தூரத்தில் தடி நட்டு அடையாளமிட்டு, 119 க்கு அல்லது அருகிலுள்ள பொலிசுக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றிய பகுதி என்று ஒப்படைக்கப்பட்ட இடத்திலும், ஆழமாக வெட்டும்போது வெடிக்காத குண்டுகள் வரலாம். ஜேசிபி ஓட்டுபவருக்கும் கூலியாட்களுக்கும் இதை வேலை தொடங்குமுன் சொல்லிவையுங்கள்.

படத்தை மாற்றினால் மாற்றுமுன் சபைக்குத் திருத்தப் படம் கொடுங்கள். முன்னால் ஒரு கூரைத் தாழ்வாரம், பின்வெளியில் ஒரு களஞ்சியம், தரிப்பிடத்தில் இரண்டு கடை என்று சேர்ப்பதுதான் வழமை. கடைசியில் சான்றிதழ் மறுக்கப்படுவதும் இவற்றால்தான். மூடுமுன் செப்ரிக் தாங்கி, உறிஞ்சு குழி, நிலத்துக்குள் போகும் குழாய்கள் ஆகியவற்றைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குக் காட்டி, அளவு நாடாவோடு படமெடுத்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். சி.ஓ.சி என்றால்தான் சபையில் எல்லோருக்கும் விளங்கும். அது இல்லாமல் கட்டடத்தைப் பாவிப்பது சட்டப்படி குற்றம். வங்கியும் காப்புறுதி நிறுவனமும் அதைக் கேட்கும். அது கையில் வந்தபின் ஒவ்வொரு கடைக்கும் சோலைவரி இலக்கம், வாடகைக்கு எடுப்பவர்களுக்கு வியாபார அனுமதிப்பத்திரம். வாடகை உடன்படிக்கையில் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டை எழுதுங்கள். துணிக்கடைக்கென்று கொடுத்த அறையில் ஒருவர் எரிவாயுச் சிலிண்டர்களை அடுக்கினால் சபை கடிதம் அனுப்புவது கட்டட உரிமையாளரான உங்களுக்குத்தான்.